டியூபை எப்போது எடுக்கலாம்?

ஐ.சி.யூ.வில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் மிகவும் அஞ்சும் சம்பவங்களில் ஒன்று, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி தன் வாயிலுள்ள டியூபைத் தானே பிடுங்கிவிடுவது. கைக்கட்டு தளர்ந்திருக்கும், மயக்க மருந்தின் பிடியும் சற்று விட்டிருக்கும், யாரும் கவனிக்காத அரை நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். அலாரம் அடிக்கும், ஆட்கள் ஓடுவார்கள், மறுபடி டியூப் போடுவதற்கான தட்டு தயாராகும். ஆனால் இப்படிப் பிடுங்கிக்கொண்டவர்களைப் பல நாட்டு மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது சங்கடமான ஓர் உண்மை தெரிந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி டியூப் தேவைப்படவே இல்லை. கருவியின் உதவியை ஏற்கெனவே குறைத்துக்கொண்டு வந்தவர்களிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

அப்படியானால் அந்தப் பாதிப் பேர் அதுவரை ஏன் கருவியில் இருந்தார்கள்? மருத்துவர் தவறாகக் கணித்தாரா? பெரும்பாலும் கணிக்கவே இல்லை. “இவர் இன்று தானே மூச்சு விடுவாரா?” என்று அன்றைக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நோயாளி தேறும் நாளும் டியூப் வெளியே வரும் நாளும் வேறுவேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் செய்த முக்கியமான ஆய்வுகள் பலவும் இந்தக் காத்திருப்பைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

கருவி தருவதும் எடுப்பதும்

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவிக்கொண்டிருந்தது. நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு உதவ அங்கே இருந்த சுவாசக் கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் அழைக்கப்பட்டார். அறுவை அரங்கில் தான் அன்றாடம் செய்வதையே அவர் அங்கே செய்தார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக்குக் கீழே துளையிடச் செய்து, மூச்சுக்குழாயில் டியூபை நுழைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தினார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய வென்டிலேட்டருக்கும் ஐ.சி.யூ. என்ற அமைப்புக்கும் வேர் அந்த வார்டில்தான் இருக்கிறது.

நாம் இயல்பாக மூச்சு விடும்போது உதரவிதானம் கீழே இறங்கி, மார்புக்குள் அழுத்தத்தைக் குறைத்து, காற்றை உள்ளே இழுக்கிறது. வென்டிலேட்டர் இதற்கு நேர்மாறாகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. களைத்துப்போன தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, நிமோனியாவுக்கோ ரத்தத் தொற்றுக்கோ கொடுக்கும் மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. கருவி எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. காலத்தை வாங்கித் தருகிறது.

அந்தக் காலத்துக்கு விலை உண்டு. டியூப் இருக்கும்வரை குரல்வளை திறந்தே கிடக்கும். வாயில் ஊறும் எச்சில் கிருமிகளோடு டியூபின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும், புது நிமோனியா வரும். டியூபைப் பொறுத்துக்கொள்வதற்காகத் தரும் மயக்க மருந்து சித்தக் குழப்பத்தைக் கொண்டுவரும். படுத்தே கிடக்கும் உடம்பில் தசைகள் கரையும். இதில் மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது 2008-இல் சான்ஃபர்ட் லெவின் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்த 14 பேரின் உதரவிதானத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கருவியில் இருந்தது 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே. அதற்குள் அந்தத் தசை நார்களின் பருமன் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. பிறந்தது முதல் ஒரு நிமிடம்கூட ஓயாத தசை, முழுதாக வேலையற்றுப்போன மூன்றே நாளில் அப்படி மெலிந்துவிடுகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் மூச்சுவிடும் திறனைக் கொஞ்சம் தின்கிறது.

அவசரப்பட்டாலும் ஆபத்துதான். திட்டமிட்டு டியூபை எடுத்தவர்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குச் சில நாட்களுக்குள் மறுபடி போட வேண்டியிருக்கிறது. அப்படி மறுபடி டியூப் போடப்பட்டவர்களில் இறப்பு பல மடங்கு அதிகம். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டியூபை எடுத்த பின் நிலைத்தவர்களில் 12 சதவீதம் பேரும், மறுபடி போடப்பட்டவர்களில் 43 சதவீதம் பேரும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மறுபடி டியூப் தேவைப்படுபவர்கள் ஏற்கெனவே மோசமாக இருந்தவர்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. மூச்சுக்குத் திண்டாடிய அந்த மணி நேரங்களும் உடம்பைக் கெடுக்கின்றன. மறுபடி போடுவதில் எவ்வளவு தாமதமோ அவ்வளவு இறப்பு கூடுகிறது.

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்ற நிலைமை. இதில் மருத்துவர்களின் மனம் இயல்பாகவே தாமதத்தின் பக்கம் சாய்கிறது. டியூபை எடுத்துத் தோற்றால் அது கண்ணெதிரே நடக்கும். யார் எடுக்கச் சொன்னது என்ற கேள்வி வரும். இரண்டு நாள் தாமதித்ததால் வந்த நிமோனியாவை நோயின் கணக்கில் எழுதிவிடலாம்.

படிப்படியாக என்ற நம்பிக்கை

வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை விடுவிப்பதை மருத்துவமனைகளில் ‘வீனிங்’ என்பார்கள். நெடுங்காலம் இது அனுபவசாலியின் கைப்பக்குவமாகவே கருதப்பட்டது. கருவியின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், தசைகள் மெல்லமெல்லப் பழகும் என்பது நம்பிக்கை. 1973-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு முறையை அறிமுகப்படுத்தினார்கள். நோயாளி தானே மூச்சு விடுவார், கருவி இடையிடையே கட்டாய மூச்சுகளைக் கொடுக்கும், அந்தக் கட்டாய மூச்சுகளின் எண்ணிக்கையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். கேட்க நியாயமாக இருந்ததால் உலகெங்கும் பரவியது.

அது உண்மையிலேயே உதவுகிறதா என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஸ்பெயினில் ஆந்த்ரேஸ் எஸ்டேபன் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1995-இல் வெளியானது. விடுவிக்கத் தயாரானவர்கள் என்று கருதப்பட்ட 546 பேரை எடுத்துக்கொண்டு, முதலில் அனைவரையும் இரண்டு மணி நேரம் வரை கருவியின் உதவியின்றி மூச்சு விடச் செய்தார்கள். 416 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், அதைத் தாங்கிக்கொண்டார்கள், டியூபை எடுத்துவிட்டார்கள். இவர்களுக்குப் படிப்படியாகக் குறைக்கும் வேலையே தேவைப்படவில்லை. சோதித்துப் பார்க்க ஒருவர் மட்டும் தேவைப்பட்டார்.

தாங்க முடியாத 130 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். கட்டாய மூச்சுகளைக் குறைத்துக்கொண்டே வந்த குழுவுக்கு விடுபட நடுமதிப்பாக 5 நாள் ஆனது. ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி தரும் அழுத்த உதவியைக் குறைத்துக்கொண்டே வந்த குழுவுக்கு 4 நாள். தினமும் ஒருமுறை மட்டும் கருவியைக் கழற்றிச் சோதித்த குழுவுக்கு 3 நாள். ஒரே நாளில் பலமுறை சோதித்த குழுவுக்கும் அதே 3 நாள்தான். கைப்பக்குவம் என்று நம்பப்பட்டது வேலையை நீட்டிக்கொண்டிருந்தது என்பது அம்பலமானது. தினமும் ஒரு சோதனை. தோற்றால் மறுநாள்வரை நன்றாக ஓய்வு. அவ்வளவு போதும்.

ஒரு வகுத்தல் கணக்கு

யாரைச் சோதிக்கலாம் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஓர் எண் கிடைத்தால் நன்றாயிருக்குமே என்று பலரும் தேடினார்கள். நுரையீரலின் கொள்ளளவு, உள்ளிழுக்கும் விசை என்று ஏதேதோ அளந்தார்கள். 1991-இல் கார்ல் யாங், மார்ட்டின் டோபின் இருவரும் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையான ஒன்றை முன்வைத்தார்கள். கருவியைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று போகிறது என்று அளவிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். 105-க்குக் கீழே வந்தால் நல்லது; மேலே போனால் தோல்விக்கு வாய்ப்பு அதிகம்.

இது ஏன் வேலை செய்கிறது? மூச்சாக உள்ளே இழுக்கும் காற்று முழுவதும் ரத்தத்தோடு கலக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சுமார் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிட்டு அப்படியே வெளியேறும். நலமாக இருப்பவர் நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு 500 மில்லி என்று விட்டால் மொத்தம் 6 லிட்டர். அதில் பயன்படுவது 4.2 லிட்டர். களைத்தவர் 30 மூச்சு, மூச்சுக்கு 200 மில்லி என்று விட்டாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது 1.5 லிட்டர். வாளியை அரைகுறையாக நனைத்து நனைத்து மேலே இழுப்பவரின் கதைதான் இது: கை ஓய்ந்துவிடும், தொட்டி நிறையாது. முதலாமவரின் எண் 24, இரண்டாமவரின் எண் 150. தசையால் சுமையைத் தாங்க முடியாதபோது உடம்பு எடுக்கும் உத்தி இந்த மேலோட்டமான வேக மூச்சு. அதைத்தான் அந்த வகுத்தல் பிடித்துவிடுகிறது.

யாங், டோபின் ஆய்வில் 105-ஐத் தாண்டியவர்களில் 95 சதவீதம் பேர் தோற்றார்கள். அதற்குக் கீழே இருந்தவர்களில் 78 சதவீதம் பேர் வென்றார்கள். தோற்பவரை நன்றாகவும், வெல்பவரைச் சுமாராகவும் காட்டிக்கொடுக்கும் எண். உலகெங்கும் ஐ.சி.யூ. மருத்துவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2006-இல் ஓர் ஆய்வு, இந்த எண்ணை முடிவெடுக்கப் பயன்படுத்தினால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று கேட்டது. 304 நோயாளிகள். ஒரு குழுவில் எண் சரியாக இருந்தால் மட்டுமே சோதனைக்கு அனுப்பினார்கள். மற்றக் குழுவில் எண்ணைப் பாராமலே சோதித்தார்கள். எண்ணைப் பார்த்த குழு விடுபட 3 நாள் ஆனது, பாராத குழுவுக்கு 2 நாள். மறுபடி டியூப் போடவேண்டி வந்ததில் வேறுபாடில்லை. கணிப்பு துல்லியமாக இருப்பது வேறு, அதனால் பயன் விளைவது வேறு. கருவியைக் கழற்றி அரை மணி நேரம் பார்த்துவிடக்கூடிய ஒன்றுக்கு வாசலிலேயே ஒரு காவல் எதற்கு? காவல் வைத்தால் உள்ளே போகக்கூடிய சிலரும் வெளியே நின்றுவிடுவார்கள்.

தினமும் கேட்பது

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது சாதாரணமான ஒரு பழக்கம். 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வெஸ்லி ஈலி குழுவினர் 300 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒவ்வொரு காலையிலும் சில எளிய கேள்விகள்: ஆக்சிஜன் நிலை திருப்தியா? இருமுகிறாரா? ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் மருந்தோ மயக்க மருந்தோ சொட்டுச்சொட்டாக ஓடுகிறதா? எல்லாம் சரி என்றால் அன்றே தானாக மூச்சு விடும் சோதனை. அதில் தேறினால், உங்கள் நோயாளி தேறிவிட்டார் என்று மருத்துவருக்குத் தகவல். அவ்வளவுதான், டியூபை எடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இப்படிச் செய்த குழு கருவியில் இருந்தது நடுமதிப்பாக 4.5 நாள், வழக்கப்படி விட்ட குழு 6 நாள். சிக்கல்களும் 41 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தன. இத்தனைக்கும் கேள்வி கேட்கப்பட்ட குழுவில்தான் நோய் சற்றுக் கடுமையாக இருந்தது.

மறு ஆண்டே இன்னோர் அமெரிக்க ஆய்வு, எழுதிவைத்த வழிமுறையைப் பின்பற்றிச் செவிலியர்களும் சுவாச சிகிச்சையாளர்களும் வீனிங்கை நடத்தினால், மருத்துவர் தம் விருப்பப்படி நடத்துவதைவிட வேகமாக முடிகிறது என்று காட்டியது. மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் நோயாளியைப் பார்க்கிறார். செவிலியர் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கிறார். தயார்நிலை மத்தியானம் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

மயக்கத்தில் ஆழ்ந்திருப்பவரிடம் இந்தக் கேள்விகளால் பயனில்லை. அதனால் அடுத்த அடி மயக்க மருந்தின் மேல் விழுந்தது. 2000-இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழுவினர் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை முழுக்க நிறுத்தி, நோயாளி விழிக்கும்வரை காத்திருந்தார்கள். கருவியில் இருந்த காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. 2008-இல் டிமோத்தி ஜிரார்டு, ஈலி குழுவினர் இரண்டையும் இணைத்தார்கள். காலையில் எழுப்பு, பிறகு மூச்சு விடச் சொல்லிப் பார். 336 நோயாளிகளில் செய்த அந்த ஆய்வில், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் டியூபைத் தாமே பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் மறுபடி டியூப் தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இம்முறையில் கவனிக்கப்பட்ட ஒவ்வோர் ஏழு பேருக்கும் ஓர் உயிர் என்ற கணக்கில் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். புது மருந்தோ புதுக் கருவியோ எதுவும் இல்லை. கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திப் பார்த்ததில் வந்த பலன் இது.

அந்த அரை மணி நேரம்

சோதனை எப்படி நடக்கும்? முதலில் நுழைவுத் தகுதிகள். கருவியில் வைக்கக் காரணமான நோய் தணிந்துவர வேண்டும். 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஆக்சிஜன் போதுமானதாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் நிலையாக இருக்க வேண்டும். நோயாளி தானே மூச்சைத் தொடங்க வேண்டும். பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்த நிலையில், கருவியைக் கழற்றி டியூபின் நுனியில் ‘டி’ எழுத்து வடிவக் குழாயைப் பொருத்தி ஈரமான ஆக்சிஜனை மட்டும் ஓடவிடுவார்கள். அல்லது கருவியிலேயே வைத்து உதவியை மிகக் குறைவான அளவுக்கு இறக்குவார்கள்.

பிறகு பார்ப்பதுதான் வேலை. மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டி நிற்கிறதா, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே போகிறதா, நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டுகிறதா, மேல் ரத்த அழுத்தம் 180-க்கு மேலேயோ 90-க்குக் கீழேயோ போகிறதா என்று மானிட்டர் சொல்லும். நெற்றி வியர்ப்பதையும், கழுத்துத் தசைகள் துருத்துவதையும், மூச்சிழுக்கும்போது வயிறு மேலெழாமல் உள்வாங்குவதையும், கண்ணில் தெரியும் பயத்தையும் மானிட்டர் சொல்லாது. அருகில் நிற்பவர்தான் பார்க்க வேண்டும். நலமாக இருக்கும்போது மூச்சு விடுவதற்கு உடம்பு செலவிடும் ஆக்சிஜன் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. திண்டாடும் நுரையீரலில் அது கால் பங்கு வரை ஏறக்கூடும். இந்தச் செலவைத்தான் வியர்வையும் வேக நாடியும் காட்டுகின்றன.

எவ்வளவு நேரம் பார்ப்பது, எவ்வளவு கடினமாகச் சோதிப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. துளி உதவியும் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்கினால்தான் நம்பலாம் என்பது ஒரு கட்சி. வெளியே வந்தபின் உதவிக்குக் கருவி இருக்காது அல்லவா? சிறிது உதவியோடு அரை மணி நேரம் போதும் என்பது மறு கட்சி. இந்த இரு வாதங்களையும் 2019-இல் ஸ்பெயினில் கார்லெஸ் சுபிரா குழுவினர் 1,153 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிறிது அழுத்த உதவியுடன் 30 நிமிடம் சோதிக்கப்பட்டவர்களில் 82.3 சதவீதம் பேர் டியூபிலிருந்து வெற்றிகரமாக விடுபட்டார்கள். உதவியே இல்லாமல் 2 மணி நேரம் சோதிக்கப்பட்டவர்களில் 74 சதவீதம் பேர். மறுபடி டியூப் போடவேண்டி வந்தது இரு பக்கமும் ஏறக்குறைய சமம். கடுமையான சோதனை, வென்றிருக்கக்கூடிய சிலரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. தோற்கவிருந்தவர்களைக் கூடுதலாகக் கண்டுபிடித்துவிடவும் இல்லை.

மூச்சு வேறு, மூச்சுப்பாதை வேறு

சோதனையில் தேறியவரின் டியூபை உடனே எடுத்துவிடலாமா? இங்கேதான் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கருவியின் உதவி வேண்டாம் என்பது ஒன்று. டியூபே வேண்டாம் என்பது இன்னொன்று. தானாக நன்றாக மூச்சு விடும் ஒருவரால் சளியை இருமித் துப்ப முடியாவிட்டால் இரண்டாவது கேள்விக்கு விடை ‘இன்னும் இல்லை’ என்பதுதான்.

இருமலை அளக்க ஒரு குழுவினர் 2001-இல் வெளியிட்ட முறைக்குச் செலவே கிடையாது. டியூபின் வாயிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, நோயாளியை மூன்று நான்கு முறை இருமச் சொன்னார்கள். அட்டையில் ஈரம் படவில்லை என்றால் டியூபை எடுத்தபின் தோற்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. மூன்று ஆண்டு கழித்து வந்த ஆய்வு இன்னும் மூன்று எளிய அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது: இருமலின் வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டருக்குக் கீழே, மணிக்கு 2.5 மில்லிக்கு மேல் சளி, கண்ணைத் திற, பார்வையால் தொடர், கையைப் பிடி, நாக்கை நீட்டு என்ற நான்கு கட்டளைகளையும் செய்ய முடியாமை. இந்த மூன்று குறையும் சேர்ந்திருந்தவர்கள் அனைவரும் தோற்றார்கள். ஒன்றுமே இல்லாதவர்களில் தோற்றவர்கள் 3 சதவீதம். வென்டிலேட்டரின் திரையில் இந்த மூன்றில் எதுவும் தெரியாது.

இன்னொரு கண்ணி, குரல்வளை வீக்கம். நாள்கணக்கில் டியூப் உராய்ந்த இடம் வீங்கியிருக்கும். டியூப் இருக்கும்வரை அது வெளியே தெரியாது, எடுத்ததும் அடைத்துக்கொள்ளும். அதனால் டியூபின் நுனியைச் சுற்றியுள்ள காற்றுப் பலூனைச் சுருக்கி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிவு இல்லை என்றால் வீக்கம் இருக்கலாம் என்று பொருள். டியூபை எடுப்பதற்கு 12 மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் இந்த வீக்கம் 22 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைகிறது என்று 2007-இல் பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது.

தோற்பவர் ஏன் தோற்கிறார்

நான்கில் ஒருவர் முதல் சோதனையில் தோற்கிறார். அப்போது ‘நுரையீரல் இன்னும் தேறவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. காரணம் வேறிடத்தில் இருக்கலாம்.

1988-இல் பிரான்சில் பிரான்சுவா லெமேர் குழுவினர், கருவியிலிருந்து விடுபட முடியாமல் இருந்த நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் 15 பேரின் இதய அழுத்தத்தை அளந்தார்கள். கருவியைக் கழற்றிய சில நிமிடங்களில் இடப்பக்க இதயத்தின் நிரப்பு அழுத்தம் 8-லிருந்து 25-க்கு எகிறியது. கருவி காற்றைத் தள்ளும்வரை மார்புக்குள் இருந்த அழுத்தம், இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மட்டுப்படுத்தி வந்தது. நோயாளி தானே மூச்சை இழுக்கத் தொடங்கியதும் ரத்தம் ஒரே சமயத்தில் திரும்பிப் பாய்கிறது. பலவீனமான இதயம் தடுமாற, நுரையீரலில் நீர் கோர்க்கிறது. சிறுநீரைப் பெருக்கும் மருந்தால் உடம்பின் உபரி நீரை வெளியேற்றிய பின் அவர்களில் 9 பேர் கருவியிலிருந்து விடுபட்டார்கள். அதுவரை அவர்களின் இதயக் கோளாறை வென்டிலேட்டர் மறைத்து வைத்திருந்தது.

நம் பக்கத்து வார்டுகளில் வேறொரு பாடம் இருக்கிறது. பூச்சிமருந்து குடித்தவர்கள். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சில் முதல் ஒன்றிரண்டு நாள் எச்சிலும் சளியும் பெருகி, நாடி தளரும். அட்ரோபின் கொடுக்க அது அடங்கும். நோயாளி கண் விழிப்பார், கேட்டதற்குத் தலையசைப்பார். டியூபை எடுத்துவிடலாம் என்று தோன்றும் தருணம் அது. 1987-இல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த இருவரும் பத்து நோயாளிகளைக் கவனித்து எழுதியது, அந்தத் தருணத்தை நம்பாதீர்கள் என்று உலகத்துக்கே சொன்னது. நஞ்சு உண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள், முதற்கட்ட அறிகுறிகள் அடங்கிய பிறகு, கழுத்து, தோள், இடுப்புத் தசைகளோடு மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. அந்தத் தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. இத்தகையவர்களிடம் நுரையீரலின் ஆக்சிஜன் கணக்கு நன்றாகவே இருக்கும், தசைதான் இல்லை. அதனால்தான் இந்த வார்டுகளில் அனுபவப்பட்டவர்கள் டியூபைத் தொடுவதற்கு முன், “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க” என்பார்கள். தூக்கி நிறுத்த முடியவில்லை என்றால் காத்திருப்பார்கள். கட்டுவிரியன் கடித்தவரிடமும் இதே பார்வைதான். எல்லோருக்கும் பொதுவான எண்ணைவிட, எந்த நோய் இவரைக் கருவியில் வைத்தது என்ற கேள்வி இங்கே பெரியது.

எத்தனை தோல்வி சரி?

வாரக்கணக்கில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி செய்து, நெடுநாள் பராமரிப்பு மருத்துவமனைக்கு மாற்றப்படுபவர்கள். சிகாகோ அருகே அத்தகைய ஒரு மருத்துவமனையில் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில், வென்டிலேட்டரோடு வந்த 500 பேரை முதலில் ஐந்து நாள் உதவியின்றி மூச்சு விடச் செய்து பார்த்தார்கள். அவர்களில் 160 பேர் ஐந்து நாளும் சிரமமின்றித் தாமே மூச்சு விட்டார்கள். விடுவிக்கவே முடியாதவர்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு விடுவிப்பு வேலையே தேவைப்படவில்லை!

இதெல்லாம் பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 2023-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்று 50 நாடுகளில் 481 ஐ.சி.யூ.க்களைச் சேர்ந்த 5,869 நோயாளிகளைத் தொடர்ந்தது. இரண்டு நாளாவது கருவியில் இருந்த இவர்களில் 90 நாளுக்குள் விடுபட்டவர்கள் 65 சதவீதம். தகுதி வந்த பிறகும் முதல் முயற்சி பலருக்குத் தள்ளிப்போனது. ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தாமதமும் தோல்வியும் கூடுதலாக இருந்தன. அறிவு முப்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை.

விசித்திரமான விளைவு ஒன்று இதிலிருந்து வருகிறது. ஒரு ஐ.சி.யூ. தன் நோயாளிகளில் ஒருவருக்குக்கூட மறுபடி டியூப் போட நேர்ந்ததில்லை என்று பெருமைப்பட்டால், அதைச் சந்தேகிக்க வேண்டும். தோல்வியே வராத அளவுக்கு அது எல்லோரையும் காக்கவைக்கிறது. நூற்றில் சிலர் மறுபடி கருவிக்குத் திரும்புவது, மற்றவர்கள் உரிய நாளில் வெளியே வருவதற்கான விலை. அந்த விலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அபாயம் உள்ளவர்களுக்கு டியூபை எடுத்த கையோடு முகமூடி வழியே அழுத்தக் காற்றையும், மூக்கு வழியே அதிவேக ஆக்சிஜனையும் மாறிமாறிக் கொடுத்தபோது மறுபடி டியூப் போடும் தேவை 18.2 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்ததை 2019-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. தோற்பவரை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதைவிட, முயன்று பார்த்துவிட்டுத் தோற்காமல் தாங்கிப் பிடிப்பது நல்ல உத்தியாகத் தெரிகிறது.

ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, “டாக்டர், எப்போ டியூபை எடுப்பீங்க?” என்பது. அதற்கு நேர்மையான எந்த மருத்துவராலும் தேதி சொல்ல முடியாது. “இன்னைக்கு மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீங்களா? தானா மூச்சு விடுறாரான்னு சோதிச்சீங்களா? இல்லன்னா, எது தடுக்குது?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். “ரத்த அழுத்த மருந்து இன்னும் ஓடுது”, “சளி அதிகமா இருக்கு”, “காலையில பார்த்தோம், பத்து நிமிஷத்துல திணறிட்டார், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கணும்” என்பவை எல்லாம் நல்ல பதில்கள். தடையின் பெயர் தெரிந்துவிட்டால் அதற்கு மருந்து தேடலாம். “பார்க்கலாம், கொஞ்சம் போகட்டும்” என்பது மட்டும்தான் கவலைப்பட வேண்டிய பதில்.